பதினொன்றை இருமுறை மூடினேன்

க்ளாக்ஸ்வீக் துறைமுகத்தில் மீன் ஏலம்
காலை ஆறரைக்கு.
வாங்குகிறவர்கள் யாரும் நேரில் வருவதில்லை.
அவரவர் தீவில் காபியோடு உட்கார்ந்து
விலையைத் தட்டுகிறார்கள்.
வருகிற ஒவ்வொருவருக்கும் என் சர்வர் ஓர் எண் தரும்.
பெரிதாக ஒன்றுமில்லை,
நாடக அரங்கில் கோட்டை வாங்கிக்கொண்டு
கையில் தரும் தகர வில்லை மாதிரி.
காலியானதில் ஆகச் சிறியதை எடுத்து நீட்டும்.
போனவர் கைச்சூடு ஆறுமுன்
வில்லை வந்தவர் கையில்.

எனக்கு ஒரு வழக்கம்.
எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டுவதே இல்லை.
நான் பூட்டுவேன்,
கார் வரை நடப்பேன்,
திரும்பி வந்து கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பேன்.
ஹானுஸ் வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடிப்பான்.

அதே கையால்தான் எழுதினேன்:
மூடு.
மூட முடியவில்லை என்று பதில் வந்தால்
ஐந்து நொடி பொறு,
மறுபடி மூடு.

இதில் என்ன பிழை இருந்துவிட முடியும்?
பொறுப்பான பெண் என்று
என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அன்று புதன்.
ஹாடக் மீன், எண்பத்து நான்கு பெட்டி.
பதினொன்றில் இருந்த தும்மாஸ்
கட்டுபடியாகாதென்று கிளம்பினார்.
மூடு என்றேன்.
சொல்ல வேண்டியது முடிந்தது என்று இங்கிருந்து ஒரு பொட்டலம்,
கேட்டுக்கொண்டேன் என்று அங்கிருந்து ஒன்று,
எனக்கும் முடிந்தது என்று இன்னொன்று,
விடைபெறுவதற்கு இத்தனை நடை இருக்கிறது.
நடை பாதியில் இருக்கையில்
ஏதோ ஒரு சமிக்ஞை கர்னலின் தோளைத் தட்ட,
அது என் பக்கம் திரும்பி
தடைபட்டது என்றது.
மைனஸ் ஒன்று.

அது சொல்லாமல் விட்டது:
வில்லையை நான் முன்பே வாங்கிக்கொண்டேன்.

ஒன்று, இரண்டு.
சாண்டோய் தீவிலிருந்து மார்யுன் உள்ளே வந்தாள்.
காலியானதில் ஆகச் சிறியது பதினொன்று.
மூன்று.
கிலோவுக்கு இருபத்து மூன்று என்று தட்டத் தொடங்கினாள்.
நான்கு.

மறுபடி மூடு.

இந்த முறை வெற்றி. பூச்சியம்.
பதிவேட்டில் ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை.
பெட்டிகள் இருபத்தொன்றுக்கு
வேறு யாருக்கோ போயின.

இரண்டு நாள் அவள் பக்கமே தேடினேன்.
அவள் வயர், அவள் ரௌட்டர்,
கடைசியில் காற்று.
இங்கே எதற்கும் காற்றின்மேல் பழி போடலாம்,
அது மறுத்துப் பேசாது.

வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டாள்.
மீன் செதில் ஒட்டிய ரப்பர் பூட்ஸ்,
குரலில் கோபம் இல்லை.
"பேசிக்கொண்டிருந்தேன்,
ஏன் வெளியே தள்ளினீர்கள்?"
தள்ளவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
திரையில் அந்த ஐந்து நொடி
கண் முன்னே நின்றுகொண்டிருந்தது.

யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை.
நானே சொன்னேன்.
எண் பதினொன்று, ஆள் தும்மாஸ்,
அப்புறம் எண் பதினொன்று, ஆள் நீங்கள்.
நான் எண்ணைப் பார்த்து மூடினேன்.
நஷ்டஈடு தருவதாக மேலாளர் சொன்னார்.
"பணம் எதற்கு? மீன் எங்கே?" என்றாள்.

மதியம் அந்த வரிகளை அழித்தேன்.
ஹானுஸ் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டான்,
"சரி, மூடுவது தோற்றுப்போனால்?"
தோற்றாலும் முடிந்தது.
ஒருமுறைதான் சொல்ல வேண்டும்.
என்ன பதில் வந்ததென்று குறித்து வை, கையை எடு.
"உன்னால் முடியுமா அது?" என்றான்,
குறியீட்டைப் பற்றிக் கேட்பதுபோல.

மறுநாள் காலை மழை.
பூட்டினேன். கார் வரை நடந்தேன்.
கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.
பிறகு திரும்பிப் போய்
கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன்.

என் வீடுதான் அது,
நான் முதுகு காட்டிய நேரத்தில்
யாருக்கும் கொடுத்துவிடவில்லை.
ஹானுஸ் ஹாரன் அடித்தான்.